காட்ஸ்பியின் அப்பா

(இணையவழி இலக்கியக் கூடுகையில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்று காலை எட்டு மணிக்குத்தான் இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தேன். மூன்று மணி நேரம் தூங்கியிருப்பேன். நடுவில் எங்காவது நான் திணறி நின்றால் இணையத்தில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இலக்கியப் பட்டம் கிடையாது. நர்சிங் டிப்ளமா மட்டும்தான். செவ்வியல் அமெரிக்க நாவல்களில் ஆசை, செல்வம், ஏமாற்றம் என்று அமைப்பாளர்கள் தலைப்பைச் சொன்னதும், இதற்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்களே என்று கேட்டேன். “நீங்கள் வாசித்த மாதிரியே பேசுங்கள், போதும்” என்றார்கள். அந்தத் துணிச்சலில் வந்திருக்கிறேன். நான்கு நாவல்களைத் தொடப்போகிறேன். தியோடர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’, எடித் வார்ட்டனின் ‘தி ஹவுஸ் ஆஃப் மிர்த்’, ஜாக் லண்டனின் ‘மார்ட்டின் ஈடன்’, ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் காட்ஸ்பி’. முறையே 1900, 1905, 1909, 1925. முடிவுகளையும் சொல்லிவிடுவேன். நூறு வயதான புத்தகங்களில் ரகசியம் காக்க முடியாது. கோபப்படாதீர்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. டிஸ்இல்யூஷன்மென்ட் என்பதை நாம் சட்டென்று ஏமாற்றம் என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. காத்திருந்த பேருந்து வராவிட்டாலும் ஏமாற்றம்தான். இந்த நாவல்களில் நடப்பது வேறு. பேருந்து வந்துவிடுகிறது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் இது நாம் நினைத்த ஊருக்குப் போகிற வண்டி இல்லை என்று தெரிகிறது. பிரமை விலகுவது என்று வேண்டுமானால் சொல்லலாம். அமெரிக்க நாவல் என்றாலே பணக் கனவு, கடைசியில் பிரமை விலகல் என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. பணம் நிம்மதி தராது என்று ஒரு வரியில் சொல்லி மூடிவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து வருகிற பிரசங்கிமார்களும் அதைத்தான் சொல்வார்கள். ஊசியின் காதும் ஒட்டகமும் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஆலயக் கட்டட நிதிக்கு வெளிநாட்டு நர்சுகளிடம் தனியாக ஒரு கவர் கொடுப்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை.

என் கேள்வி எளிமையானது. இந்த நாவல்களில் யாருக்குப் பிரமை விலகுகிறது? எல்லோருக்குமா?

‘காட்ஸ்பி’யை நான் வாசித்த விதத்தைச் சொல்ல வேண்டும். 2004இல் பிரிட்டனுக்கு வந்தேன். பதிவு எண் கிடைக்கும்வரை கடற்கரை ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே பார்வை மங்கிய ஒரு பாட்டி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மாலையில் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே கேட்பார். அப்படித்தான் இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. எட்டாவது அத்தியாயத்தில் நீச்சல் குளத்தில் காட்ஸ்பி சுடப்பட்டு இறக்கிறான். அந்த இடம் வந்ததும் பாட்டி கையை உயர்த்தி, “போதும், அவன் செத்துவிட்டான், மூடு” என்றார். ஒன்பதாவது அத்தியாயத்தை நான் தனியாக, பணியாளர்கள் தேநீர் குடிக்கிற அறையில் வாசித்தேன். இன்றைக்கு நான் பேச வந்தது பெரும்பாலும் அந்த ஒரு அத்தியாயத்தைப் பற்றித்தான்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கு டகோட்டாவில் ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன் ஜேம்ஸ் காட்ஸ். 17 வயதில் தன் பெயரை ஜே காட்ஸ்பி என்று மாற்றிக்கொள்கிறான். ராணுவ அதிகாரியாக இருக்கும்போது டெய்சி என்ற வசதியான வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். அவன் போருக்குப் போனபின் அவள் டாம் புக்கானனை மணந்துகொள்கிறாள். திருமணத்துக்கு முந்தைய நாள் டாம் அவளுக்குக் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு மூன்றரை லட்சம் டாலர். காட்ஸ்பி மதுவிலக்குக் காலத்தில் கள்ளத்தனமாகச் சம்பாதித்து, அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கி, ஊரையே கூட்டி விருந்து வைக்கிறான், என்றாவது ஒருநாள் அவள் வருவாள் என்று. வருகிறாள். பிறகு அவள் ஓட்டிய கார் ஒரு பெண்ணை அடித்துக் கொல்கிறது. பழி காட்ஸ்பி மேல் விழுகிறது. இறந்தவளின் கணவன் வந்து அவனைச் சுடுகிறான். இதையெல்லாம் நமக்குச் சொல்பவன் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நிக் கேரவே.

மூன்றாம் நாள் மினசோட்டாவிலிருந்து ஒரு தந்தி வருகிறது. அனுப்பியவர் ஹென்றி காட்ஸ். காட்ஸ்பியின் அப்பா! அதுவரை அந்த மனிதனுக்கு ஒரு அப்பா உயிரோடு இருக்கிறார் என்றே நமக்குத் தோன்றியிருக்காது. சிகாகோ பத்திரிகையில் செய்தியைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டு வருகிறார். செப்டம்பர் மாதம், வெயில் இன்னும் குறையவில்லை. அவர் மலிவான ஒரு நீளக் கோட்டைப் போர்த்திக்கொண்டு வருகிறார். கை நடுங்குகிறது. நிக் கொடுத்த பால் சிந்துகிறது. மகனின் உடலைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறார். முகத்தில் கண்ணீர். அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கூடத்தின் உயரத்தையும் அதிலிருந்து பிரிந்து போகும் பெரிய அறைகளையும் பார்க்கிறார். அழுகையோடு ஒரு பெருமையும் சேர்ந்துகொள்கிறது.

இறந்தவரைப் பார்க்க உறவினர்களை அழைத்துப்போவது என் வேலையில் ஒரு பகுதி. இருபது வருடமாகச் செய்கிறேன். இந்த வரிகளை எழுதியவர் அப்படி ஒரு இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். துக்கத்தில் இருப்பவர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள். ஜன்னல் நன்றாக இருக்கிறது என்பார்கள். படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்து, நல்ல துணி என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும். எனக்கு இல்லை. அவர்களுக்கு உடனே பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

பிறகு கிழவர் தன் பணப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுக்கிறார். அந்த மாளிகையின் படம். மகன் அனுப்பியது. மூலைகள் உடைந்து, பல கைகள் பட்டு அழுக்கேறியிருக்கிறது. இங்கே பாருங்கள், இதைப் பாருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி நிக்கிடம் காண்பிக்கிறார். அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே அந்த வீட்டின் படத்தைக் காட்டுகிறார்! எத்தனையோ பேரிடம் காட்டிக் காட்டி, நேரில் இருக்கும் வீட்டைவிடப் படம்தான் அவருக்கு நிஜமாகிவிட்டது என்று நிக் நினைக்கிறான். இந்தப் படத்துக்கு நான் திரும்பி வருவேன், மறந்துவிடாதீர்கள்.

அதோடு விடவில்லை. ஒரு கிழிந்த பழைய புத்தகத்தையும் எடுக்கிறார். ‘ஹோப்பலாங் காசிடி’ என்கிற கௌபாய் கதை. பின்னட்டைப் பக்கத்தில் மகன் சிறுவயதில் எழுதிய தினசரி அட்டவணை. 1906 செப்டம்பர் 12 என்று தேதி. ஆறு மணிக்கு எழுவதிலிருந்து தொடங்கி உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு, வேலை, பேச்சுப் பயிற்சி, கண்டுபிடிப்புகளைப் பற்றி யோசிக்க இரண்டு மணி நேரம் என்று போகிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் எழுதிய அட்டவணையின் ஏழை வீட்டுப் பிரதி இது. வாரத்துக்கு ஐந்து டாலர் சேமிப்பு என்று எழுதி, அடித்துவிட்டு மூன்று டாலர் ஆக்கியிருக்கிறான். அந்த அடித்தலுக்காகவே ஃபிட்ஸ்ஜெரால்டைக் கும்பிடலாம். ஐந்து முடியாது என்று அந்தப் பையனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பட்டியலின் கடைசியில் பெற்றோரும் வருகிறார்கள். கிழவர் அதை உரக்க வாசித்துவிட்டு நிக்கின் முகத்தைப் பார்க்கிறார், அவனும் தன் உபயோகத்துக்காக அதை நகல் எடுத்துக்கொள்வான் என்று எதிர்பார்ப்பதைப்போல. ஒரு துணைச் செய்தி: அந்தக் கௌபாய் புத்தகம் உண்மையில் 1910இல்தான் வெளிவந்தது. 1906இல் அதில் யாரும் எழுதியிருக்க முடியாது. மகா எழுத்தாளர்களுக்கும் தேதி தவறும் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதல்.

அப்பா இன்னொன்றும் சொல்கிறார். மகன் இருந்திருந்தால் ஜேம்ஸ் ஜே. ஹில் மாதிரி பெரிய மனிதனாக ஆகியிருப்பான், நாட்டைக் கட்டியெழுப்ப உதவியிருப்பான் என்று. ஹில் ரயில்பாதை முதலாளி. செயின்ட் பால் நகரத்தில் சம்மிட் அவென்யூவில் அவருடைய பெரிய மாளிகை இன்றும் இருக்கிறது. ஃபிட்ஸ்ஜெரால்ட் பிறந்த ஊர் அது. 1919இல் அதே சம்மிட் அவென்யூவில் பெற்றோர் வாடகைக்கு இருந்த வீட்டில் உட்கார்ந்துதான் தன் முதல் நாவலைத் திருத்தி முடித்தார். அவருடைய அப்பா 1908இல் ஒரு நிறுவனத்தில் விற்பனையாளர் வேலையை இழந்தவர், அதிலிருந்து எழுந்திருக்காதவர். அப்போது ஸ்காட்டுக்குப் பதினொரு வயது. மகன் பெரிய ஆளாவான் என்று நம்பும் அப்பாவின் கோணம் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய விஷயம் அல்ல.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஹென்றி காட்ஸுக்குப் பிரமை விலகியதா? இல்லவே இல்லை. மகன் சுடப்பட்டுக் கிடக்கிறான். விருந்துக்கு நூற்றுக்கணக்கில் வந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. டெய்சியிடமிருந்து ஒரு பூகூட இல்லை. அந்த வீட்டிலேயே தங்கித் தின்ற ஒருவன் தொலைபேசியில் அழைக்கிறான், விட்டுப்போன டென்னிஸ் காலணியை அனுப்பி வைக்கச் சொல்லி. மழையில் மூன்று கார்கள் கல்லறைக்குப் போகின்றன. பாதிரியார், அப்பா, நிக், நாலைந்து வேலைக்காரர்கள், ஒரு தபால்காரர். பிறகு, என்றோ ஒருமுறை நூலகத்தில் பார்த்த பெரிய கண்ணாடி போட்ட ஒரு மனிதர். இவ்வளவையும் பார்த்த பிறகும் அந்த அப்பாவின் பெருமை குறையவில்லை.

யாருக்கு விலகுகிறது என்றால், நிக்குக்கு. நாவலின் அழகான சோகம் முழுவதும் அவனுடையது. இந்த நிக் யார்? யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவன். குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக மொத்த வியாபாரம். நியூயார்க்கில் பங்குப் பத்திரத் தொழில் பழக அப்பா ஒரு வருடத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கசந்துபோனதும் அவன் ஊருக்குத் திரும்பிவிடலாம். வீடு அங்கேயே இருக்கிறது, அதே பெயரோடு. காட்ஸ்பி சாகும் முன் நம்பிக்கையை இழந்திருப்பான், உலகமே அவனுக்கு அந்நியமாகிப் போயிருக்கும் என்று ஒரு புகழ்பெற்ற பத்தி வருகிறது. கவனித்துப் பாருங்கள், அது நிக்கின் ஊகம். காட்ஸ்பி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொலைபேசி வரும் என்று வேலைக்காரனிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் அவன் குளத்துக்குப் போகிறான். நிக் தன்னுடைய பிரமை விலகலைச் செத்தவன் தலையிலும் ஏற்றிவிட்டான் என்று எனக்குச் சந்தேகம்.

இந்தச் சந்தேகம் வந்த பிறகு மற்ற நாவல்களிலும் ஓரமாக நிற்பவர்களைத்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

‘சிஸ்டர் கேரி’யின் தொடக்கம் புலம்பெயர்ந்த எல்லோருக்கும் தெரிந்த காட்சி. 1889 ஆகஸ்ட். 18 வயதுப் பெண் சிகாகோவுக்கு ரயில் ஏறுகிறாள். ஒரு சின்ன டிரங்குப் பெட்டி, முதலைத்தோல் மாதிரி தெரிகிற மலிவான பை, காகிதப் பெட்டியில் மதியச் சாப்பாடு, அக்காவின் முகவரி, நாலு டாலர். காலணித் தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது, வாரம் நாலரை டாலர். அக்கா வீட்டில் தங்கவும் சாப்பிடவும் வாரம் நாலு டாலர். மிச்சம் ஐம்பது சென்ட். டிரைசரின் உரைநடை கட்டைவண்டி மாதிரி போகும் என்று குறை சொல்வார்கள், உண்மைதான். ஆனால் காசுக் கணக்கில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. 1900இல் பதிப்பாளர் அரைமனதோடு வெளியிட்ட இந்த நாவல் ஐந்நூறு பிரதிகள்கூட விற்கவில்லை.

கேரிக்கு நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போகிறாள், பிறகு ஹர்ஸ்ட்வுட் என்ற மதுக்கூட மேலாளரோடு நியூயார்க் போகிறாள். அவர் முதலாளியின் பெட்டகத்திலிருந்து பத்தாயிரம் டாலர் சொச்சத்தை எடுத்துக்கொண்டு ஓடியவர். அவர் படிப்படியாக இறங்குகிறார், அவள் நடிகையாகி ஏறுகிறாள். கடைசியில் பனி கொட்டும் ஒரு இரவு. அவர் பதினைந்து சென்ட் வாடகைப் படுக்கையறையில் உயிரை விடுகிறார். அவள் வால்டார்ஃப் ஹோட்டலில் நாற்காலியில் அமர்ந்து ஒரு நாவல் வாசித்துக்கொண்டிருக்கிறாள். எந்த நாவல் தெரியுமா? பால்சாக்கின் ‘பெர் கொரியோ’. மகள்களுக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, சாகும்போது ஒரு மகளும் பக்கத்தில் இல்லாமல் போன அப்பாவின் கதை. அதை வாசித்து அவள் மனம் கரைகிறது. சில தெருக்கள் தள்ளி நடப்பது அவளுக்குத் தெரியாது.

எல்லோரும் அந்த நாற்காலியைப் பற்றித்தான் எழுதுவார்கள், எல்லாம் கிடைத்தும் நிறையாத மனம் என்று. நான் அக்காவைப் பற்றிக் கேட்கிறேன். மின்னி என்று பெயர். அவள் கணவன் ஹான்சன் இறைச்சிக் கிடங்குகளின் குளிர்பதன ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்பவன். அதிகாலையில் எழுந்து போகிறவன், சிரிக்காதவன். அவனுக்கும் ஒரு கனவு உண்டு. நகரத்தின் மேற்கே வெகுதூரத்தில் இரண்டு மனைகளுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான், என்றாவது வீடு கட்ட. கேரி கொடுக்கிற நாலு டாலரும் அந்தக் கணக்குக்கு உதவும். கேரி போனபின் அவர்களும் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். அந்த வீட்டைக் கட்டினார்களா இல்லையா என்று டிரைசர் சொல்வதே இல்லை. எனக்கு இன்றுவரை அது உறுத்தலாக இருக்கிறது. மனைக்குத் தவணை கட்டியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்கமாட்டேன்.

‘தி ஹவுஸ் ஆஃப் மிர்த்’தை வேகமாகக் கடந்து போகிறேன், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். தலைப்பு வேதாகமத்தில் பிரசங்கி ஏழாம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. ஞானமுள்ளவர்களின் மனம் துக்க வீட்டையும் மூடர்களின் மனம் களிப்பு வீட்டையும் நாடும் என்று அங்கே வருகிறது. துக்க வீடு என்ற சொல் நமக்கு வீட்டுச் சொல். ஆங்கில வாசகரைவிட நமக்கு அது சீக்கிரம் உறைக்கும். அழகியான லில்லி பார்ட் பணக்காரக் கணவனைத் தேடி, தேடிய ஒவ்வொரு முறையும் தானே பின்வாங்கி, கடைசியில் வாடகை அறை ஒன்றில் தனியாகச் சாகிறாள். அத்தை விட்டுப்போன பத்தாயிரம் டாலரில் ஒன்பதாயிரம் ஒருவனுக்குக் கடன். அந்தக் காசோலையை எழுதி வைத்துவிட்டுத் தூக்க மருந்தை அளவுக்கு மேல் எடுத்துக்கொள்கிறாள். வேண்டுமென்றா, தவறுதலாகவா என்பதை வார்ட்டன் திறந்தே விட்டிருக்கிறார். இரவுப் பணியில் மருந்துக் கோப்பையோடு நடக்கிறவளுக்கு அந்தப் பக்கங்களை வாசிப்பது எளிதல்ல. ஆனால் அன்று மாலை ஒன்று நடக்கிறது. லில்லி என்றோ கொடுத்த நன்கொடையால் நெஞ்சு நோய் குணமாகி, கல்யாணமும் ஆகி, குழந்தையும் பெற்ற நெட்டி என்ற ஏழைத் தொழிலாளிப் பெண் அவளைப் பூங்காவில் பார்த்துத் தன் சமையலறைக்கு அழைத்துப் போகிறாள். குழந்தையைக் கையில் கொடுக்கிறாள். நாவலில் சூடாக இருக்கிற ஒரே அறை அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

‘மார்ட்டின் ஈடன்’ இன்னும் வெளிப்படையானது. மாலுமி ஒருவன் எழுத்தாளனாக வேண்டும் என்று பட்டினி கிடந்து எழுதுகிறான். எல்லாப் பத்திரிகைகளும் திருப்பி அனுப்புகின்றன. திடீரென்று புகழ் வருகிறது. திருப்பி அனுப்பிய அதே கதைகளை அதே பத்திரிகைகள் கேட்டு வாங்குகின்றன. கைவிட்ட காதலி திரும்பி வருகிறாள். எல்லோரும் விருந்துக்கு அழைக்கிறார்கள். அவன் மனதில் ஒரே கேள்வி ஓடுகிறது: நான் பசித்திருந்தபோது இந்தச் சோறு எங்கே போயிருந்தது? இவை எல்லாம் அப்போதே எழுதி முடித்தவைதானே? அந்தக் கேள்வியிலிருந்து அவனால் வெளியே வர முடியவில்லை. கப்பலின் ஜன்னல் வழியாகக் கடலில் இறங்கிவிடுகிறான். நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் கிடையாது.

ஆனால் அவன் குடியிருந்த வீட்டில் மரியா என்று ஒரு போர்த்துகீசியப் பெண் இருக்கிறாள். துணி துவைத்துப் பிழைப்பவள். ஏழு பிள்ளைகள். அவனும் பட்டினியாக இருந்த நாட்களில் அவனுக்குச் சூப் கொடுத்தவள். ஒருநாள் அவன் விளையாட்டாக, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். ஏழு பிள்ளைகளுக்கும் காலணி என்கிறாள். பிறகு தயங்கி, ஒரு பால் பண்ணை என்கிறாள். பணம் வந்ததும் அவன் இரண்டையும் வாங்கிக் கொடுக்கிறான். மரியாவுக்கு அந்தப் பண்ணை கசந்ததாக ஜாக் லண்டன் எங்கும் எழுதவில்லை. காட்ஸ்பியும் அப்பாவுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்திருந்தான். அந்த வீட்டில் நிம்மதி இல்லை என்று அவர் சொல்லவில்லை. காலணி காலணியாகவே இருக்கிறது. பணம் எல்லாவற்றையும் கெடுக்கும் என்று இந்த நாவல்கள் சொல்வதாக நினைப்பவர்கள் இந்த இடங்களை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அப்படியானால் ஹென்றி காட்ஸ் ஏமாளியா? நான் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பாவம் கிழவர், உண்மை தெரியாது என்று. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் ஒரு புகைப்படம்.

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற தொழிலாளி. விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். என்னை நர்சிங் படிக்க வைத்ததும், பிறகு வட்டிக்கு வாங்கி ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததும் அவர்தான். கையில் நாற்பது பவுண்டோடு நான் வந்து இறங்கினேன். முதியோர் இல்லத்தில் எனக்குக் கிடைத்தது நர்ஸ் வேலை அல்ல. துணி துவைக்கும் அறை, சாப்பாடு ஊட்டுதல், கழிப்பறைக்கு அழைத்துப் போதல். அது இழிவான வேலை என்று சொல்ல வரவில்லை. இன்றும் அதைச் செய்கிறேன். ஆனால் ஊரில் சொல்லியிருந்தது வேறு. முதல் விடுமுறை நாளில் கூட இருந்த பெண்களோடு லண்டனுக்குப் போனேன். ஆற்றங்கரையில் மிகப் பெரிய ஒரு மருத்துவமனை. தோழியின் நீலக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்று படம் எடுத்தேன். ஊருக்கு அனுப்பும்போது பின்னால் ஒன்றும் எழுதவில்லை. இங்கேதான் வேலை செய்கிறேன் என்று நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். டீக்கடையில், ஆலயத்தில், ரப்பர் ஷீட் விற்கிற கடையில் எல்லோருக்கும் காட்டினார். அக்கா சொல்லித்தான் தெரியும். தொலைபேசியில் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கமாட்டார். ஒரே ஒருமுறை, “மக்களே, அந்த ஆஸ்பத்திரியில எத்தன மாடி?” என்று கேட்டார். பதிமூன்று என்றேன். எனக்குத் தெரியாது. வாயில் வந்த எண்.

ஒன்றரை வருடத்தில் பதிவு எண் கிடைத்தது, நல்ல வேலை கிடைத்தது, கடனும் அடைந்தது. உண்மையைச் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தேன். எதற்கு என்று விட்டுவிட்டேன். 2021 மே மாதம் அப்பா இறந்தார். விமானம் இல்லை. அடக்க ஆராதனையை ஒன்பது நிமிட வீடியோவாக, வார்டில் மருந்து அறையில் நின்று பார்த்தேன். ஆறு பேர்தான் இருந்தார்கள். கொரோனா விதி. ‘காட்ஸ்பி’யின் ஒன்பதாவது அத்தியாயத்தை அதற்குப் பிறகு நான் மூன்று வருடம் திறக்கவில்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது அக்கா அவருடைய வேதாகமத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு மூலை இல்லை. ரப்பர் பால் பட்டுக் காய்ந்த பழுப்புக் கறை என் முகத்தின் மேலேயே இருக்கிறது. கட்டடம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தில் நான் வேலை செய்த கடற்கரை ஊரின் பெயர், முதியோர் இல்லத்தின் பெயர், அஞ்சல் குறியீடு. என் கடித உறையைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிப்பார். அந்தப் பெயரில் ‘ஹோம்’ என்ற சொல் இருந்தது. அவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டே டீக்கடையில் காட்டினாரா என்றும் தெரியவில்லை.

அதனால்தான் ஹென்றி காட்ஸைப் பற்றி இப்போது எனக்கு நிச்சயமில்லை. மகன் அனுப்பிய பணத்தின் நிறம் அவருக்குத் தெரியாது என்று நமக்கு யார் சொன்னது? நிக் சொன்னான். நிக் அவரிடம் கேட்கவே இல்லை.

என் அக்கா மகள் இப்போது நர்சிங் முடித்துவிட்டு இங்கே வர முயற்சி செய்கிறாள். அவளுக்கும் கடன் உண்டு, என் காலத்தைவிட அதிகம். தாத்தாவின் படத்தில் இருக்கிற மருத்துவமனையில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று பிடிவாதம். போன ஞாயிற்றுக்கிழமை அவளைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏஜென்ட், துணி துவைக்கும் அறை, இரவில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது, படம் எடுத்த கதை, பதிமூன்று மாடி. முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். நான் நிக் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “செரி சித்தி, அந்த நீலக் கோட்டு ஆருக்க கோட்டு? நல்லா இருந்துச்சு” என்றாள்.

அவளுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆங்கிலத் தேர்வு. கேட்பதும் வாசிப்பதும் பரவாயில்லை, எழுதுவதில்தான் கொஞ்சம் பயம் என்கிறாள். இரவுப் பணி இல்லாத நாட்களில் நான் அவளுக்கு மாதிரிக் கடிதங்கள் திருத்திக் கொடுக்கிறேன்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று அமைப்பாளர் கை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டிரைசரைப் பற்றி யாராவது கேட்டால் மகிழ்வேன், அவரை இப்போது யாரும் வாசிப்பதில்லை.